அதே இரண்டு மணி நேரம்

கடலோர ஊரான தாரோவில் அன்று காலை எங்கள் காலுக்கு எந்த அதிர்வும் தெரியவில்லை. 2025 ஜூலை 30, புதன்கிழமை. எட்டரை மணி வெயிலே முதுகைச் சுட்டது. சாலையோர ஓய்வு நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு, முந்தின நாளே சொல்லிவைத்திருந்த வழிகாட்டி அம்மாவுக்காக நானும் அக்கா மகனும் காத்திருந்தோம். அவன் செந்தாயில் படித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டவன். ஜப்பானின் வடகிழக்குக் கரையான சன்ரிக்குவில் ஒரு வாரம் சுற்ற வேண்டும் என்று நான் நச்சரித்ததால் விடுப்பு எடுத்து வந்திருந்தான்.

அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். அகல விளிம்புத் தொப்பி, கழுத்தில் ஈரத் துண்டு, கக்கத்தில் பழைய படங்கள் செருகிய ஒரு கோப்பு. குனிந்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய போன் அலறியது. அடுத்த நொடி அக்கா மகனுடையதும். அந்த அம்மா திரையைப் படித்தார். கோப்பை மூடினார்.

“இன்னிக்குச் சுவர் மேல ஏற வேணாமாம் மாமா. நேரா மேட்டுக்குப் போயிடலாங்கிறாங்க. காரை எடுக்க வேணாமாம், நடந்துதான் போகணுமாம்.”

ரஷ்யாவின் கம்சாத்கா கரைக்கு அப்பால் நிலநடுக்கம். ஜப்பான் நேரப்படி 8:25-க்கு நடந்திருக்கிறது. 8:37-க்கு வானிலை முகமை கிழக்குக் கரைக்குச் சுனாமி அறிவுறுத்தல் விட்டுவிட்டது. எதிர்பார்க்கும் உயரம் 1 மீட்டர்.

“ஒரு மீட்டருக்கா மேட்டுக்குப் போறது?” என்று கேட்டுவிட்டேன். அவன் மொழிபெயர்க்கத் தயங்கினான். அந்த அம்மாவுக்கு என் முகமே போதுமாக இருந்திருக்கும். நடந்துகொண்டே சொன்னதை அவன் மெல்லச் சொன்னான்: “போன தடவை நாங்களும் இப்படித்தான் கணக்குப் போட்டோம்.”

அந்தக் கணக்கு என்ன என்று புரிய, தாரோவின் சுவரைத் தெரிந்திருக்க வேண்டும். முந்தின நாள் மாலைதான் அதன் மேல் நடந்திருந்தோம். 1896 ஜூன் 15 இரவு வந்த அலை தாரோவில் 1,859 பேரைக் கொண்டுபோனது. 1933 மார்ச் 3 விடியலுக்கு முன் வந்த அலை 911 பேரை. ஊரை மேட்டுக்கு மாற்ற இடம் போதவில்லை. 1934-இல் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். தெருக்களை நேராக மலையை நோக்கிப் போட்டார்கள். ஓடுகிறவர்களுக்குக் குறுக்கே வருவது தெரியட்டும் என்று தெருமுனைகளைச் சாய்வாக வெட்டிவிட்டார்கள். போர் வந்து வேலை நின்று, மறுபடி நடந்து, முதல் சுவர் 1958-இல் முடிந்தது. பிறகு மேலும் இரண்டு சேர்ந்தன. மேலிருந்து பார்த்தால் எக்ஸ் எழுத்துப் போல, உயரம் 10 மீட்டர், மொத்த நீளம் சுமார் 2.4 கிலோமீட்டர். உலகம் முழுவதிலுமிருந்து பொறியாளர்கள் வந்து பார்த்துப் போன சுவர்.

துறைமுகத்தில் மீன்காரர்களுக்கு ஐஸ் கட்டி தயாரிக்கும் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் மூன்று பலகைகள் பதித்திருக்கிறார்கள். 1933-க்கு 10 மீட்டர், 1896-க்கு 15 மீட்டர், எல்லாவற்றுக்கும் மேலே 2011-க்கு 17.3 மீட்டர். அதைப் பார்க்க என் தொப்பி கழன்று விழும் அளவுக்குத் தலையை அண்ணாந்தேன். பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை. அவர் அதன் கீழேதான் தினமும் வேலை செய்கிறார்.

அந்தப் புதன்கிழமை காலை நாங்கள் ஏறிய குன்றின் சரிவில் சிமெண்டுப் படிகள். இரண்டு பக்கமும் பிடிமானக் கம்பி. வயதானவர்களுக்கென்று படியின் உயரத்தைக் குறைத்துக் கட்டியிருந்தார்கள். 2011-க்குப் பிறகு குன்றை வெட்டிச் சமப்படுத்தி எழுப்பிய சன்னோ குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரின் ஒரு பகுதி இப்போது அங்கேதான் வாழ்கிறது. நிழல் பார்த்து உட்கார்ந்ததும் அந்த அம்மா கோப்பைத் திறந்தார். கீழே இருந்த ஊரைக் கையால் காட்டி, படத்தையும் காட்டினார். படத்தில் வீடுகள் நெருக்கிக்கொண்டு இருந்தன. கீழே இப்போது ஒரு பேஸ்பால் மைதானமும் புல்லும் தெரிந்தன.

2011 மார்ச் 11, மதியம் 2:46. நிலநடுக்கத்தின் அளவு 9.0. மூன்றே நிமிடத்தில் எச்சரிக்கை வந்துவிட்டது. ஆனால் அத்தனை பெரிய அதிர்வை அந்த மூன்று நிமிடத்தில் கருவிகளால் முழுதாக அளக்க முடியவில்லை, 7.9 என்றுதான் கணக்கு வந்தது. அதை வைத்து இவாத்தே மாநிலத்துக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள்.

“பத்து மீட்டர் சுவர். மூணு மீட்டர் அலை. கழிச்சுப் பார்த்தா ஏழு மீட்டர் பாக்கி இருக்கு. நிறையப் பேர் வீட்டுல விழுந்த சாமானை எடுத்து வைக்கப் போனாங்க. சில பேர் அலையைப் பார்க்கச் சுவர்ல ஏறினாங்க.”

கரைக்கு அப்பால் மிதவைகள் காட்டிய அளவைப் பார்த்து 3:14-க்கு 6 மீட்டர் என்றும், 3:30-க்கு 10 மீட்டருக்கு மேல் என்றும் திருத்தினார்கள். அதற்குள் மின்சாரம் போய்விட்டது. திருத்தம் பலருடைய காதுக்குப் போய்ச் சேரவில்லை. சுவரின் ஒரு கை அப்படியே உடைந்தது. மற்றதன் மேல் தண்ணீர் ஏறி வந்தது. தாரோவில் 180 பேருக்கு மேல் போனார்கள்.

அந்த எண்ணுக்காக வானிலை முகமை பழியைத் தட்டிக் கழிக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2013-இலிருந்து, மிகப் பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் எச்சரிக்கையில் மீட்டர் சொல்வதையே விட்டுவிட்டார்கள். ‘மிகப் பெரியது’ என்று மட்டும் சொல்வார்கள். எண்ணைச் சொன்னால் மனிதன் கழித்தல் போடுவான் என்பதை 18,000-க்கும் மேற்பட்ட உயிர்களை இறந்தோராகவும் காணாமல் போனோராகவும் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். தொலைக்காட்சி அறிவிப்பாளர்கள் நிதானமான குரலை விட்டுவிட்டு, வீட்டில் ஒருவர் கத்துவது போலக் கத்தவும் பழகினார்கள்.

9:40-க்கு அந்தக் குரலைக் கேட்டேன்.

முதலில் கீழே ஊரிலிருந்து சங்கு. அப்புறம் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகள். மலைக்கும் மலைக்கும் இடையே எதிரொலிக்கும் என்பதால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்கள். அக்கா மகனின் போன் திரையில் ஜப்பானின் வரைபடம் இருந்தது. அதுவரை கிழக்கு ஓரத்தில் மஞ்சள் கோடாக மின்னிக்கொண்டிருந்தது இப்போது ஹொக்காய்தோவிலிருந்து வாக்காயாமா வரை சிவப்பாகிவிட்டது. அறிவுறுத்தல் எச்சரிக்கையாக ஏறியிருந்தது. உயரம் 3 மீட்டர். நிலநடுக்கத்தின் அளவை முதலில் 8.0 என்றவர்கள் 8.7 என்று திருத்தியிருந்தார்கள். அமெரிக்கக் கணக்கில் 8.8. முதல் கணக்கு இந்த முறையும் குறைவாகவே வந்திருந்தது. அந்த அம்மா எங்களை அதற்கு வெகு முன்பே மேலே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்.

மக்கள் ஏறி வந்தார்கள். அவசரப்பட்டு ஓடி யாரும் வரவில்லை. ஆனால் யாரும் நிற்கவுமில்லை. முதுகில் பை மாட்டிய பாட்டிகள், ஒரு கையில் நாயும் மறு கையில் தண்ணீர் புட்டியுமாக ஒருவர், மீன் கழுவிய ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே வந்த இரண்டு பெண்கள். பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி தன் பையைத் திறந்ததால் உள்ளே பார்க்க முடிந்தது: மருந்துச் சீட்டின் நகல், கையால் சுற்றும் ரேடியோ, ஒரு விசில், பிளாஸ்டிக் உறையில் குடும்பப் படம், ஒரு ஜோடி கனமான காலுறை. ஜூலை மாதத்தில் காலுறை எதற்கு என்று கேட்டேன். மார்ச் 11 அன்று பனி பெய்ததாம். பையை எடுத்து வைத்தவர் அதற்கப்புறம் மாற்றவில்லை.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். கம்சாத்காவில் நிலம் உடைந்து, அலை இங்கே வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆழ்கடலில் விமானத்தின் வேகத்தில், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும். அங்கே கப்பலில் இருப்பவனுக்குத் தன் கீழே போவது தெரியக்கூடத் தெரியாது. கரை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து, பின்னால் வருவது முன்னால் நிற்பதன் மேல் ஏறி உயர்கிறது.

நான் நாகப்பட்டினத்துக்காரன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை 6:29 வாக்கில் சுமத்ராவுக்கு அப்பால் கடல்தரை பிளந்தது. எங்கள் ஊருக்கு அலை வந்தது ஒன்பது மணி வாக்கில். இதே இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடவே. என் சித்தி கீச்சாங்குப்பத்திலிருந்து அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு, ஏலத்தில் நல்ல கூட்டம். அந்த இரண்டரை மணி நேரத்தில் சித்தி எழுந்து, வாசல் தெளித்து, டீ போட்டு, பேரனுக்குத் தலை சீவிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறாள். அந்தமான் நிகோபார் தீவுகளை அலை அதற்குள் விழுங்கிவிட்டிருந்தது. எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ‘சுனாமி’ என்ற சொல்லையே பிணங்களைத் தூக்கிய பிறகுதான் கற்றுக்கொண்டோம். அன்று காலை ஊரில் கத்தியது ‘கடல் உள்ள வந்துடுச்சு’ என்றுதான். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள்.

சொல்ல ஒருவர் இருந்த ஊரும் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய அறிவு மையத்தில், மீன்பிடித் தகவல் சொல்வதற்காக வைத்திருந்த ஒலிபெருக்கி இருந்தது. அதில் சொன்னார்கள். ஊரே எழுந்து போனது. 3,600 பேர் பிழைத்தார்கள். ஒரு போன், ஒரு மைக். எத்தனை ஆண்டு கழித்து நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. மற்ற குப்பங்களுக்கும் அதே மைக் இருந்திருக்கலாம்.

அந்த அம்மா என்னிடம் எதையும் கேட்கவில்லை. அக்கா மகன் அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பார்லித் தேநீரை ஒரு காகிதக் கோப்பையில் ஊற்றி என் முன்னால் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “உங்க சித்திக்கு ஓடத் தெரியும்தானே?” என்று கேட்டார். மொழிபெயர்ப்பில் ஏதோ தவறிவிட்டது என்று முதலில் நினைத்தேன். அவர் கேட்டது அதைத்தான். நன்றாக ஓடுவாள் என்றேன்.

சன்ரிக்குவில் ஒரு வழக்குச் சொல் இருக்கிறது: சுனாமி தெந்தென்கோ. சுனாமி என்றால் அவரவர், தனித்தனியாக ஓடு. தாயைத் தேடாதே, பிள்ளையைத் தேடாதே. இந்தச் சொல் பரவக் காரணமான சுனாமி வரலாற்றாய்வாளர் யமாஷிதா ஃபுமியோ, 1933-இல் சிறுவன். அப்பா அவன் கையைப் பிடிக்காமலே ஓடினார். பையன் வெறுங்காலோடு பனியில் தானாகவே ஓடி மலையேறினான். பிற்பாடு அம்மா அதைச் சொல்லித் திட்டியபோது அப்பா சொன்ன பதில் அந்த ஒரு சொல்தானாம். முதலில் படித்தபோது எனக்கு அது கல்நெஞ்சமாகப் பட்டது. முந்தின நாள் கமாய்ஷி நகரத்தின் உனோசுமாயில்தான் அதன் உள்ளர்த்தம் புரிந்தது.

அங்கே 2011-இல் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர் சொல்லக் காத்திராமல் ஓடத் தொடங்கினார்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் மூன்றாம் மாடியில் இருந்தவர்கள், அண்ணன்மார் அக்காமார் ஓடுவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கூடவே ஓடினார்கள். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு முதியோர் இல்லத்தை அடைந்து, அங்கே பின்புறச் சரிவு இடிந்திருப்பதைப் பார்த்து, இன்னும் மேலே, அதற்கும் மேலே. ஏறக்குறைய 570 பிள்ளைகள் பிழைத்தார்கள். குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் கத்தாதா தொஷித்தாக்கா பல ஆண்டுகள் பள்ளி பள்ளியாகப் போய், வரைபடத்தை நம்பாதே, எந்த இடத்தையும் போதும் என்று நினைக்காதே, நீ முதலில் ஓடு என்று பழக்கியிருந்தார். என் பிள்ளை எப்படியும் ஓடியிருப்பான் என்று தாய்க்கும், அம்மா எப்படியும் ஓடியிருப்பாள் என்று பிள்ளைக்கும் நிச்சயமாகத் தெரிந்தால்தான் இரண்டு பேரும் திரும்பிப் போகாமல் இருப்பார்கள். தெந்தென்கோ என்பது முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளும் உடன்பாடு. அந்த அம்மா சித்தியைப் பற்றிக் கேட்டதும் அதைத்தான்.

அதே உனோசுமாயில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பேரிடர் மையம் என்று பெயர் எழுதிய கட்டடத்துக்கு ஓடிப்போன 160 பேருக்கு மேல் இறந்ததும் நடந்தது. அது சுனாமிக்கான புகலிடமே இல்லை. ஆனால் தூரம் குறைவு என்று ஒத்திகைகளை அங்கே நடத்தியிருக்கிறார்கள். ஒத்திகையில் கால் எங்கே போய்ப் பழகியதோ அங்கேதான் அன்றும் போனது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் பெயர்கள் செதுக்கிய சுவர். நாங்கள் போனபோது ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஒரே ஒரு பெயரை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார்.

நண்பகலில் அம்மா கூப்பிட்டாள். நாகையில் காலை எட்டரை மணி.

“டிவில ஜப்பான்னு ஓடுது. மேட்டுல ஏறிட்டீங்களா?”

“ஏறிட்டோம்மா. காலைலயே ஏறிட்டோம்.”

“தண்ணி உள்வாங்கியிருக்கா?”

“இங்கேருந்து தெரியல.”

“தெரியலன்னு எட்டிப் பார்க்கப் போவாத. தம்பி எங்க?” போனை அவனிடம் கொடுத்தேன். “அம்மாச்சி, ஒண்ணுமில்ல, சாப்பிட்டாச்சு” என்றான். சாப்பிட்டிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி கொடுத்த சோற்று உருண்டையை அதற்கப்புறம்தான் பிய்த்துப் பகிர்ந்துகொண்டோம்.

மேட்டில் இருந்தவர்களை வெயில் வாட்டியது. அன்றுதான் ஹியோகோ மாநிலத்தில் 41.2 டிகிரி, ஜப்பானில் அதுவரை பதிவான எல்லா வெப்பத்தையும் தாண்டிய நாள். தாரோவில் அவ்வளவு இல்லை என்றாலும் வயதானவர்களைக் கட்டட நிழலுக்குள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2011-இன் பனிக்குத் தயாரானவர்களுக்கு இது புதுப் பாடம். ஒருவர் காகித விசிறிகளைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

அலைகள் வந்தன. முப்பது சென்டிமீட்டர், நாற்பது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. மதியம் 1:52-க்கு வடக்கே குஜி துறைமுகத்தில் 1.3 மீட்டர். அன்று ஜப்பானில் பதிவானதில் அதுதான் பெரிது. முதல் அலை வந்து மூன்று மணி நேரத்துக்கும் அப்புறம். முதலாவது சின்னதாக இருந்ததைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனவன் அதில் அகப்படுவான்.

1.3 மீட்டர்தான். நாள் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் வேலையை விட்டு மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முணுமுணுப்பு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். 2012 ஏப்ரல் 11 எனக்கு நினைவிருக்கிறது. சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியது. 2007-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய நம் சுனாமி எச்சரிக்கை மையம் தகவல் கொடுத்தது. நாகையில் எல்லோரும் சாமான்களோடு மேற்கே ஓடினார்கள். நிலத்தட்டுகள் செங்குத்தாக எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. மறுநாள் டீக்கடையில், ‘வராத சுனாமிக்கு ஓட வச்சுட்டானுங்க’ என்று பேசினார்கள். நானும் தலையாட்டினேன்.

இங்கே அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கராபுரி. பேஸ்பாலில் மட்டையை வீசியும் பந்து படாமல் போவது. வீசாமல் நின்று பந்தைக் கோட்டைவிடுவதற்கு வேறு பெயர். பேரிடர் மேலாண்மையில் இருப்பவர்கள் சொல்வது, முதலாவதை மன்னிக்கலாம், இரண்டாவதை முடியாது என்பது. கராபுரிதானே என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். “ஆமாம், நல்லவேளை” என்றார். கைவிசிறியை வீசிக்கொண்டேதான் சொன்னார். என் டீக்கடைத் தலையாட்டல் நினைவுக்கு வந்து கூசியது.

இரவு 8:45-க்கு எச்சரிக்கை அறிவுறுத்தலாக இறங்கியது. அப்போதும் கரைக்குப் போகக் கூடாது. வீட்டுக்குப் போகலாம். பாய்களைச் சுருட்டினார்கள், குப்பையைப் பிரித்துப் பைகளில் போட்டார்கள். அந்த அம்மா படிக்கட்டின் அடி வரை வந்தார். சுவர் மேல் கூட்டிப்போகாததால் வழிகாட்டிக் கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

மறுநாள் ஓமொயே தீபகற்பத்தில் அனேயோஷிக்குப் போனோம். வளைந்து வளைந்து இறங்கும் காட்டுச் சாலை. பத்துப் பன்னிரண்டு வீடுகளைக் கடந்து கொஞ்சம் கீழே, இடுப்பைத் தாண்டும் உயரத்தில் பாசி பிடித்த ஒரு கல். 1896-இல் இந்த ஊரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர். மறுபடி கரையில் வீடு கட்டினார்கள்; 1933-இல் பிழைத்தவர்கள் நான்கு. அதன் பிறகு வைத்த கல் இது. இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. ஒருவரும் கட்டவில்லை. 2011-இல் இந்தப் பள்ளத்தாக்கில் நீர் 40 மீட்டருக்கும் மேல் ஏறியது. கல்லை எட்டவில்லை.

கல்லில் கை வைத்தேன். வெயிலில் சூடாக இருந்தது. கீழே சாலை இறங்கிப் போய்க் காட்டில் மறைந்தது. அந்தக் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் சென்னையில் விமானம் ஏறும்போதே என் ஆசை. நாற்பது மீட்டர் ஏறிய கடல் எப்படி இருக்கும் என்று பார்க்க.

எங்கோ தூரத்தில் ஒலிபெருக்கி பேசியது. அக்கா மகன் காது கொடுத்துக் கேட்டான்.

“அறிவுறுத்தல் இன்னும் எடுக்கல மாமா.”

மணி பதினொன்றரை. காரைத் திருப்பச் சொன்னேன்.